இடத்தோள் பொத்தான்கள்

வெள்ளைப்பாத்தி உப்பளத்தில் முதல் பிணம் ஒதுங்கிய காலையில் தங்கபுஷ்பம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட்டுக்குக் கை ஏற்றிக்கொண்டிருந்தாள். தெருவே உப்பளத்தைப் பார்த்து ஓடியபோதும் அவள் எழுந்திருக்கவில்லை, ஏனென்றால் ஓடியவர்கள் கத்திக்கொண்டே போன அடையாளங்களைக் கேட்டதுமே, செத்துக் கிடப்பவனுக்கு இடுப்பு வரை தொங்கும் பின்னல், தவிட்டு நிறச் சட்டை, அந்தச் சட்டைக்கு நெஞ்சில் பொத்தானே இல்லாமல் இடது தோளில் மட்டும் மூன்று பொத்தான், தொண்டையில் ஈட்டி இறங்கிப் பிடரி வழியாக வெளியே வந்த ஓட்டை என்று கேட்டதுமே, அவன் யார், எங்கே செத்தான், எதற்காகச் செத்தான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. முந்தின நாள் சாயங்காலம் அவனைக் கொன்றவளே அவள்தான்.

கொன்றாள் என்றால் கையால் அல்ல, காலால். மெஷினை மிதிக்கிற காலால்.

அது ஆரம்பித்தது அவளுக்கும் அவள் தம்பிக்கும் ஒன்றாக மணல்வாரி அம்மை போட்ட வருஷத்தில். தம்பிக்குக் குலசாமியின் பெயர், ஐகோர்ட்துரை. ஊருக்கு அவன் துரை. வேப்பிலை கட்டிய ஒற்றை அறைக்குள் இரண்டு பேரையும் போட்டு அடைத்துவிட்டு அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள், சொறிந்தால் அதட்டுவாள், சிரித்தால் அதட்டுவாள், ஆகையால் அம்மாவுக்குப் புரியாத பாஷை ஒன்று அவர்களுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. சுவரில் உயிர்மெய் எழுத்து அட்டை தொங்கியது. அதில் எந்தச் சொல்லிலும் வராமல், எந்த வாயிலும் நுழையாமல், மனப்பாடம் பண்ணுகிற பிள்ளைகளை அழவைப்பதற்கு மட்டும் இருந்த ஙீ, ஙூ, ஙோ, ஞூ, ஞௌ என்ற எழுத்துகளைப் பார்த்து அக்காவுக்கும் தம்பிக்கும் பாவமாக இருந்தது, வேலை இல்லாமல் நிற்கிற அந்த எழுத்துகளுக்கெல்லாம் வேலை கொடுத்து அவர்கள் பாஷையைச் செய்தார்கள். தண்ணீருக்கு ஞூஙி என்று பெயர் வைத்தார்கள். பாஷை வந்துவிட்டால் அதைப் பேச ஆட்கள் வேண்டும், ஆட்கள் வந்துவிட்டால் அவர்கள் நிற்க இடம் வேண்டும், இப்படித்தான் ஞௌலி என்ற நாடு உண்டானது.

நாட்டைப் புஷ்பம் ஒரு பழைய போர்வையில் வெட்டுத்துணிகளை வைத்துத் தைத்தாள். பச்சைப் பாவாடைத் துண்டில் மலை, சலவைக்குப் போய் வெளுத்த வேட்டியில் கடல், நடுவில் ஒரு ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் இடத்தோளில் பொத்தான் வைப்பவர்கள், இந்தப் பக்கம் வலத்தோளில் பொத்தான் வைப்பவர்கள். ஞௌலியில் ஆணோ பெண்ணோ பிறந்ததிலிருந்து சாகும்வரை தலைமுடியை வெட்டுவதில்லை என்று அவள் வழக்கம் வைத்தாள். துரைக்கு அப்போது ஒன்பது வயது, அந்த வயதுக்குரிய கொடூரத்தோடு அவன் ஒரு சட்டம் போட்டான். அந்நியன் எவனாவது பிணமாக வந்து கரை ஒதுங்கினால் அவனைப் புதைக்கக் கூடாது, எரிக்கக் கூடாது, துறைமுகத்துக் கொக்கியில் மாட்டித் தொங்கவிட வேண்டும், கடற்காக்கா தின்று தீர்க்கும்வரை. அம்மாவின் பழைய ஜாக்கெட்டிலிருந்து கொக்கிகளைப் பிய்த்து, போர்வையில் துறைமுகம் இருந்த ஓரத்தில் அவனே தன் கையால் வரிசையாக வைத்துத் தைத்தான். ஊசி குத்தி விரலில் ரத்தம் வந்தும் அவன் அழவில்லை.

மணல்வாரி இறங்கித் தலைக்கு ஊற்றியதும் துரை பள்ளிக்கூடம் போனான், கோலி விளையாடினான், நாட்டை மறந்தான். புஷ்பம் மறக்கவில்லை. கல்யாணமாகி, புருஷன் திருப்பூருக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு இருந்துவிட்டபோது, அவள் தம்பி வீட்டுக்குத் திரும்பி வந்தாள், வரும்போது கொண்டுவந்தது மெஷினையும் அந்தப் போர்வையையும்தான். பகலெல்லாம் ஊருக்குத் தைத்தாள், மிச்சத் துணியில் ஞௌலிக்குத் தைத்தாள். சண்டை போடாத நாட்டைப் பற்றி ஒரு புத்தகமும் பேசுவதில்லை என்பதைப் பள்ளிக்கூடத்திலேயே கவனித்திருந்ததால் அவள் ஆற்றின் இரண்டு பக்கத்துக்கும் ஒரு போரை மூட்டிவிட்டாள். அதன்பிறகு அவளுக்குக் கோபம் வந்த நாளெல்லாம் அங்கே ரத்தம்தான். ஜாக்கெட்டு அக்குளில் பிடிக்கிறது என்று எவளாவது முகத்தில் விட்டெறிந்துவிட்டுப் போனால் மலையடிவாரத்தில் ஒரு படை மொத்தமும் வெட்டுப்பட்டுச் செத்தது. வாழாவெட்டி என்று எவனாவது தெருவில் முணுமுணுத்தால் ஒரு கோட்டை தீப்பிடித்தது, உள்ளே இருந்தவர்கள் கதவை உடைத்து வெளியே வந்து ஈட்டிகள் மேலேயே விழுந்தார்கள். சிவப்பு நூல்தான் அந்த வீட்டில் சீக்கிரம் தீரும். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அவள் நினைத்தாள், நாமும் அந்த இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்போம்.

முதல் பிணத்தைத் தொடர்ந்து பிணங்கள் வந்துகொண்டே இருந்தன, வெள்ளைப்பாத்தி ஊர் அவற்றை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். போலீஸ் வந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தது, இன்ன ஊர் என்று தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனது, அதோடு அவர்கள் வேலை முடிந்தது. ஊரின் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. உறவு இல்லாத பிணத்தை மண்ணில் போட்டால் அந்த வருஷம் பாத்தியில் உப்பு பூக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எனவே ஒரு பிணத்துக்கு ஒரு வீடு என்று எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்ட வீட்டார் கோடி போட்டார்கள், வாய்க்கரிசி போட்டார்கள், அந்த வீட்டு ஆண்கள் தலையை மொட்டை அடித்துக்கொண்டார்கள். சவரக்காரர் வேம்படிக்கு அந்தக் கோடையில் கத்தியைக் கீழே வைக்க நேரமில்லை. பெயர் தெரியாதவனைப் பெயர் சொல்லி அழ முடியாதே என்பதற்காக ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், பதினாறாம் நாள் விசேஷம் வைத்தார்கள், ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டு மூடின கண்ணைத் திறந்தமாதிரி திருத்தச் சொல்லிப் படம் பிடித்து நடுவீட்டில் மாட்டினார்கள். சித்தப்பா செத்து வருஷம் திரும்பவில்லை என்று சொல்லி ஒரு வீட்டில் நிச்சயமான கல்யாணத்தையே தள்ளிப்போட்டார்கள், அந்தச் சித்தப்பாவை யாரும் உயிரோடு பார்த்ததில்லை.

ஊரை ஒரு ஓடை இரண்டாகப் பிரிக்கும். கடல் ஏற்றத்தில் ஓடைக்குள் தண்ணீர் ஏறும், வற்றத்தில் வடியும், ஏறும்போது பிணங்களைக் கொண்டுவந்தது. இடத்தோள் பொத்தான்காரர்கள் வடகரைப் பாத்திகளில் ஒதுங்கினார்கள், வலத்தோள் பொத்தான்காரர்கள் தென்கரைப் பாத்திகளில் ஒதுங்கினார்கள். அதனால் வடகரை வீடுகள் இடத்தோளுக்கும் தென்கரை வீடுகள் வலத்தோளுக்கும் சொந்தமாகிப்போயின. இதில் ஒரு ஆபத்து இருக்கிறது என்று அப்போது ஒருத்தருக்கும் தோன்றவில்லை. உறவு என்று எடுத்துக்கொண்டால் பகையையும் சேர்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

புஷ்பம் ஒரு பிணத்தையும் பார்க்கப் போகவில்லை. போரை நிறுத்த அவள் பார்த்தாள்தான். சிவப்பு நூலை எடுத்து ஒளித்து வைத்தாள், ஞௌலியைப் பற்றி நினைப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஆனால் போர் அதற்குள் நடை பழகிவிட்டது, அவள் மிதிக்காவிட்டாலும் அது தானாக ஓடியது.

ஒருநாள் விடியலில் ஒருவன் உயிரோடு வந்தான். துரை வடகரை உப்பளத்தில் மோட்டார் போடுகிறவன், கொட்டகையிலிருந்து அவன்தான் முதலில் பார்த்தான். இடத்தோள் பொத்தான்காரன், சின்ன வயசு, வயிற்றில் குறுக்காக வெட்டு, வெளியே வந்த குடலைக் கையில் ஏந்திக்கொண்டு முட்டிக்காலால் வரப்பேறி வந்து துரையின் வேட்டியைப் பிடித்து ஞூஙி என்றான். துரைக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு வேப்பிலை வாசனை வந்தது, அறை வந்தது, அட்டை வந்தது. அவன் ஓடிப்போய்க் குடத்தோடு கொண்டுவந்து தண்ணீரை ஊற்றினான், வந்தவன் குடித்தான், குடித்த தண்ணீர் வெட்டு வழியாகவே கொஞ்சம் வெளியே வந்தது, துரையின் மடியில் தலையை வைத்து அவன் செத்தான்.

அன்று துரை வீட்டுக்கு வந்து சட்டையெல்லாம் ரத்தமாக அக்காவின் முன்னால் நின்றான்.

"அக்கா, அவன் எங்கிட்ட ஞூஙி கேட்டான்."

மெஷின் நின்றது.

"அப்போ இன்னும் அத நீ தச்சிக்கிட்டுத்தான் இருக்க" என்றான் துரை.

"அங்க நெசமாவே சாகுதாவன்னு எனக்கு எப்படித் தெரியும்ல? தெரிஞ்ச பெறவு நான் ஊசியத் தொடல. அது நிக்க மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவளை அவன் திட்டவில்லை. போர்வையை எடு என்றான். அன்று பகல் முழுக்க இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, அவன் துணியை இழுத்துப் பிடிக்க, அவள் ஆற்றை நடுவில் மடித்து, இரண்டு கரையையும் ஒட்டவைத்து இரட்டைத் தையல் போட்டாள். சமாதானம் என்று அந்தப் பாஷையில் அவர்கள் சொல் வைத்திருக்கவில்லை, ஒன்பது வயதில் அதற்கு அவசியமும் இல்லை, ஆகவே ஒன்றும் சொல்லாமல் தைத்து முடித்தார்கள். சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது இருந்த மாதிரி அன்று அவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். மறுநாள் ஓடையில் பிணம் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை, ஞௌலியில் போர் முடிந்தது.

வெள்ளைப்பாத்தியில் அப்போதுதான் ஆரம்பித்தது.

டீக்கடையில் வைத்துத் தென்கரைக்காரன் ஒருவன், எங்க பெரியப்பாவுக்கு வெட்டு முதுகுலதான் விழுந்திருக்கு, உங்க ஆளுவ பின்னால நின்னுதான் வெட்டுவானுவ என்றான். வடகரைக்காரன் கொதிக்கிற பாலை எடுத்து அவன் மூஞ்சியில் ஊற்றினான். அன்று சாயங்காலம் இரண்டு உப்புக் கொட்டகைகள் எரிந்தன. மறுநாள் தென்கரையில் ஒருவனுக்குக் கை மணிக்கட்டோடு போனது, அதற்குப் பதிலாக வடகரையில் ஒருவனுக்குக் காது போனது, காதை எடுத்துப்போய் அவன் வீட்டு நடையில் போட்டார்கள். கரைக்கு ஒரு சட்டை வேண்டும் என்று இரண்டு பக்கமும் புஷ்பத்திடம்தான் துணியோடு வந்தார்கள், ஊரில் வேறு தையல்காரி கிடையாது. ஒரு கரைக்குத் தைத்து ஒரு கரைக்கு மாட்டேன் என்றால் வீட்டைக் கொளுத்துவார்கள், இரண்டு கரைக்கும் மாட்டேன் என்றால் இரண்டு பக்கமிருந்தும் கொளுத்துவார்கள். அவள் இரண்டு கரைக்கும் தைத்தாள், ஒரே அட்டையிலிருந்து பொத்தான் எடுத்து வடகரைக்கு இடத்தோளிலும் தென்கரைக்கு வலத்தோளிலும் வைத்தாள்.

துரையும் சட்டை கேட்டான். தன் மடியில் செத்தவனுக்காக அவன் மொட்டை அடித்திருந்தான், தம்பி என்றுதான் அவனைப் பற்றிப் பேசினான்.

"கிறுக்குப் பயலே, அது நம்ம வெளையாட்டுல்லா" என்றாள் புஷ்பம்.

"நாடு வெளையாட்டுதான்க்கா. செத்தவன் என் மடியில செத்தான்."

அவள் தைத்துக் கொடுத்தாள். அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் அவன் மற்றவர்களோடு சேர்ந்து தென்கரைப் பாக்கியநாதனைக் கொல்லப் போனான். பாக்கியநாதன் லாரிக்கு உப்பு மூட்டை ஏற்றுகிறவன், வெயிலுக்குச் சட்டையைக் கழற்றிப் பனைமட்டையில் தொங்கப்போட்டுவிட்டு வெறும் மேலோடு நின்றான். உப்பு இழுக்கிற பலகையால் முதல் அடி அடித்தது துரை. விழுந்தவன் எழுந்திருக்கப் பார்த்தபோது அரிவாள்கள் இறங்கின, தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, முகத்தில் கணக்கில்லாமல். பாத்தித் தண்ணீர் சிவந்தது, அப்போதுதான் பூக்கத் தொடங்கியிருந்த உப்பும் சிவந்தது. பாக்கியநாதனின் பெண்டாட்டி ஓடி வந்தபோது ஓடையில் ஏற்றம் ஏறிக்கொண்டிருந்தது, தண்ணீரில் அவன் லுங்கி மட்டும் மிதந்தது, ஆளைக் காணோம்.

பிணத்தை வடகரைக்காரர்கள் ஒளித்துவிட்டதாகத் தென்கரை நம்பியது, பகை இரட்டிப்பானது. பிறகு கரைக்கு ஒருவராக, அதேபோல வெறும் மேலோடு வேலையில் நின்ற இன்னும் இரண்டு பேர் செத்தார்கள், அவர்களும் போனார்கள். ஒரு தாய் மகன் பிணத்தைக் கட்டிப் பிடித்தபடியே கிடந்தாள், ஏற்றம் வந்ததும் கட்டின கை கட்டினபடி இருக்க உள்ளே ஒன்றுமில்லாமல் போனது. அதையும் ஊர் எடுத்துக்கொண்டது. இனிமேல் நம் ஆட்கள் போனால் அப்படித்தான் போவார்கள் என்று வெறும் பாயைப் போட்டு, பாயைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள்.

எங்கே போனார்கள் என்பது புஷ்பத்துக்கு மட்டும் தெரிந்தது. பாக்கியநாதன் செத்த அன்றே அவள் போர்வையை விரித்துப் பார்த்தாள். துறைமுகத்தில் துரை தைத்திருந்த கொக்கிகளில் ஒன்று, நேற்றுவரை வளைவு கலையாமல் இருந்தது, பெரிய பாரத்தைத் தொங்கவிட்டால் இழுபடுகிற மாதிரி இழுபட்டு நீண்டிருந்தது. பிளேடை எடுத்துக் கொக்கிகளையெல்லாம் அறுத்துப் போட்டுவிடத்தான் அவள் கை போனது. ஆனால் ஞௌலி ஜனங்களை அவள் இத்தனை வருஷமாக அறிவாள். கொக்கி இல்லாவிட்டால் மரம் இல்லையா அவர்களுக்கு?

துரையைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் அந்தக் கொக்கியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"சட்டம் போட்டது நாந்தான்" என்றான். பிறகு, "வெறும் மேலோட போனா அந்நியன்னு மாட்டிருவாவ. சட்டையோட போனா அவிய ஆளுன்னு எடுத்துக்கிடுவாவ, என்னக்கா?" என்று கேட்டான்.

எடுத்துக்கொள்வார்கள் என்றாள். அன்றிலிருந்து துரை அந்தச் சட்டையைக் கழற்றவே இல்லை, குளிப்பதும் அதோடுதான், படுப்பதும் அதோடுதான். பாவி, உயிருக்குப் பயப்படாதவன் கொக்கிக்குப் பயந்தான். அவன் யோசிக்காத இன்னொன்றையும் புஷ்பம் யோசித்தாள், யோசித்து யாரிடமும் சொல்லவில்லை. சமாதானமான நாட்டில், இடத்தோளில் பொத்தான் வைத்த ஒருவன் உடம்பெல்லாம் வெட்டுக்காயத்தோடு கரையில் கிடந்தால், பார்க்கிறவர்கள் யாரைச் சந்தேகப்படுவார்கள்? இரட்டைத் தையல் எத்தனை நாள் தாங்கும்?

துரையைத் தென்கரைக்காரர்கள் நடுமத்தியானத்தில் மோட்டார்க் கொட்டகையில் வைத்துப் பிடித்தார்கள். அவன் பெல்ட் கழன்ற மோட்டாருக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டு குனிந்திருந்தான். முதல் வெட்டு குதிகாலுக்கு மேலே விழுந்தது, நரம்பு அறுந்து அவன் உட்கார்ந்துவிட்டான், உட்கார்ந்தபடியே ஸ்பானரால் ஒருவனின் தாடையை உடைத்தான். பிறகு அவனை வெளியே இழுத்துப் போட்டார்கள். பாக்கியநாதனின் மச்சான் அவன் தலையை இரண்டு முட்டிக்கும் நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொள்ள, மற்றவர்கள் நிதானமாக வேலை செய்தார்கள், அவ்வளவு நிதானமாக மனிதர்கள் உப்பு வாரிக்கூடப் பார்த்ததில்லை. போகும்போது ஒருவன் திரும்பி வந்து அவன் தோளில் கத்தியை விட்டுப் பொத்தான் மூன்றையும் அறுத்துச் சேற்றில் எறிந்துவிட்டுப் போனான். அவமானப்படுத்த வேண்டும் என்பதைத் தவிர அறுத்தவனுக்கு வேறொன்றும் தெரியாது.

புஷ்பம் போய்ச் சேர்ந்தபோது தம்பிக்கு உயிர் இருந்தது. அக்காவைப் பார்த்தான், தமிழில் ஒன்றும் சொல்லவில்லை.

"ஞூஙி" என்றான்.

அதே குடத்திலிருந்து அவள் ஊற்றினாள். இரண்டு மடக்கு குடித்தான். மூன்றாவது மடக்கு கடைவாய் வழியாக வழிந்தது.

வற்றம் இன்னும் முடியவில்லை, ஓடையில் சேறு தெரிந்தது. ஏற்றம் வருவதற்குள் அவள் முடிவு செய்ய வேண்டியிருந்தது, தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவள் அந்த வெயிலில் உட்கார்ந்திருந்தாள். வடகரைக்காரர்கள் கூடிவிட்டார்கள், பெண்கள் மாரடித்தார்கள், அவள் யாரையும் பார்க்கவில்லை. அறுபட்ட தோளோடு அனுப்பினால் தம்பி கொக்கியில் தொங்குவான், காக்கா முதலில் கண்ணைத்தான் கொத்தும், ஆனால் ஞௌலியில் ஒருவனும் சாகமாட்டான், ஓடையில் ஒரு பிணமும் வராது. பொத்தானோடு அனுப்பினால் அவனை எடுத்து வைத்து அழுவதற்கு அங்கே ஆள் இருக்கும், அழுது முடித்ததும் ஈட்டியை எடுக்கவும் ஆள் இருக்கும். அந்தப் பக்கத்தில் எத்தனை பேர் என்று அவளைத் தவிர யாருக்குத் தெரியும்? அத்தனை பேரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அத்தனை பெயரையும் அவள் ஒருமுறை நினைத்துப் பார்த்தாள் என்றே சொல்கிறார்கள். பிறகு தம்பியின் கண்ணைப் பார்த்தாள்.

சேற்றில் கையை விட்டுத் துழாவி மூன்று பொத்தான்களை எடுத்தாள். அன்றைய அடிபிடியில் தென்கரைக்காரர்களின் பொத்தான்களும் அங்கே விழுந்திருந்தன, எது யாருடையது என்று அடையாளம் கிடையாது, எல்லாம் ஒரே அட்டைப் பொத்தான்கள். ஜாக்கெட்டில் எப்போதும் குத்தி வைத்திருக்கும் ஊசியை உருவினாள், சேலை முந்தானையிலிருந்து நூலை இழுத்தாள், கிழிந்த தோளை மடித்து ஒட்டுப்போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தாள். கடைசி முடிச்சைப் பல்லால் கடித்து அறுத்தபோது தண்ணீர் அவள் பாதத்துக்கு வந்துவிட்டது, மடி லேசானது.

வீட்டுக்குப் போய் அவள் போர்வையை விரிக்கவில்லை. விரித்துப் பார்க்காமலே, மடித்து வைத்த இடத்திலிருந்து இரட்டைத் தையல் விடுகிற சத்தம் சில நாட்களில் அவளுக்குக் கேட்டது.

பிணங்கள் ஒரு விடியலில் மொத்தமாக வந்தன. அத்தனை பேரை அதற்கு முன்னால் ஊர் பார்த்ததில்லை. ஈட்டி பாய்ந்தவர்கள், தலை பிளந்தவர்கள், கை கால் இல்லாதவர்கள், ஒருவன் கழுத்தில் ஒருவன் கை வைத்தபடியே விறைத்துப் போனவர்கள், ஓடை முழுக்க. ஊர் வழக்கம்போல இறங்கியது, வழக்கம்போலப் பாய் வந்தது, கோடித்துணி வந்தது, வேம்படி கத்திப் பெட்டியோடு வந்தார். இந்தத் தடவை புஷ்பமும் வந்தாள். வடகரைப் பாத்தி வரப்பில் கிடந்த இடத்தோள்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே நடந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

அவர்கள் எல்லோருக்கும் மொட்டை. பிறந்ததிலிருந்து கத்தி படாத தலைகள், அவள்தான் அப்படி வழக்கம் வைத்தவள், இடுப்பு வரை பின்னல் இருந்த தலைகள், கத்தி பழகாத கைகள் சிரைத்ததில் அங்கங்கே வெட்டுப்பட்டு, புதுசாக மழிக்கப்பட்டிருந்தன. ஞௌலிக் கரையில் ஒதுங்கிய துரையின் மொட்டைத் தலையைப் பார்த்திருக்கிறார்கள். இவனுடைய ஆட்கள் துக்கத்துக்கு இப்படித்தான் செய்வார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். ஒரு படை முழுவதும் அவள் தம்பிக்காகத் தலையை இறக்கிவிட்டுச் சாகப் போயிருக்கிறது.

புஷ்பம் வாய்விட்டு அழுதாள். துரை செத்த அன்று அழாத அழுகையெல்லாம் சேர்த்து அழுதாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அழுகிறவளோடு சேர்ந்து அழத் தெரிந்தவர்கள் என்பதால் அழுதார்கள்.

அப்போது வடகரை இளவட்டங்கள் சிலர் சத்தம் போட்டார்கள். ஏற்றத்தின் இழுப்பில் ஒரு வலத்தோள்காரன் கரை மாறி வடகரைப் பாத்திக்குள் வந்து கிடந்தான். பின்னல் அவிழ்ந்து உப்புத் தண்ணீரில் பரந்து கிடந்தது, நெஞ்சில் ஈட்டி முறிந்து பாதி உள்ளே இருந்தது. செத்தவனைத் திரும்ப வெட்ட முடியாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, ஒருவன் அரிவாளை ஓங்கி அவன் தோளில் ஒரு வெட்டு வெட்டிவிட்டான், ரத்தம் வரவில்லை. எதிர்க்கரையிலிருந்து அவனை எடுத்துப்போக வந்த தென்கரைக்காரர்கள், பாக்கியநாதனின் மச்சான் முன்னால் நிற்க, அரிவாள்களோடு தண்ணீரில் இறங்கினார்கள்.

புஷ்பம் போய் அந்தப் பிணத்தின் மேல் குறுக்காக உட்கார்ந்தாள். உட்கார்ந்து அதன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவன் எங்க வீட்டு ஆளு" என்றாள்.

அரிவாள் வைத்திருந்தவன், தோளைப் பாரு அக்கா, அந்தப் பக்கத்தான் என்றான்.

"தெரியும். இந்தச் சட்டைய நாந்தான் யோசிச்சேன், எனக்குத் தோளைக் காட்டாத. இவன இந்த மொட்டத்தல ஆளுவ கொன்னது என் தம்பிக்காவ. தம்பிக்காவ செத்தவனுக்கு நான்தான் செய்யணும்."

பெண்கள் செய்கிற வழக்கம் இல்லையே என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அவள் அதைக் காதில் வாங்கவில்லை. கொண்டையை அவிழ்த்தாள். நரைத்தும் நரைக்காமலும் இருந்த முடி முதுகில் விழுந்தது.

"வேம்படியண்ணே, வாங்க. எனக்கு எடுங்க" என்றாள்.

வேம்படி வடகரையைப் பார்த்தார், தென்கரையைப் பார்த்தார். இரண்டு பக்கமும் ஓங்கின கையோடு நின்றார்கள், யாரும் முன்னால் வரவில்லை, யாரும் திரும்பியும் போகவில்லை. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினார், அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தார், உப்புத் தண்ணீரைக் கையில் அள்ளி அவள் உச்சியில் தேய்த்தார். எரியும்மா என்றார். எரியட்டும் என்றாள். அவர் பெட்டியைத் திறந்து கத்தியை எடுத்தார்.